கியர் பாக்ஸில் தொடங்கி கைதியாக முடிந்த வாழ்க்கை: யார் இந்த லூயி ரெனோ?

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி ரோட்டுக்கு வரும் க்விட், ட்ரைபர் கார்களின் முகப்பில் ஒரு வைர வடிவச் சின்னம் இருக்கும். நாம் ‘ரெனால்ட்’ என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்துகளை விழுங்கிவிட்டு ‘ரெனோ’ என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அது ஒரு மனிதரின் பெயர்.

அந்த மனிதர் 1944 அக்டோபரில் இறந்தபோது ஒரு கைதி. போர்க்காலத்தில் எதிரிக்கு உடந்தையாக இருந்தார் என்பது புகார். விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் வரவில்லை. ஆனால் அவர் இறந்து மூன்று மாதம் ஆவதற்குள் கம்பெனி அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. பிரான்ஸில் இன்றுவரை சூடு ஆறாத விவகாரம் இது.

இத்தனைக்கும் தொடக்கம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஓர் இளைஞர் செய்த கியர் பாக்ஸ்.

பட்டன் வியாபாரி வீட்டுப் பையன்

லூயி ரெனோ 1877 பிப்ரவரி 12-ம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பாவுக்குத் துணி, பட்டன் வியாபாரம். வசதியான குடும்பம். அண்ணன்கள் ஃபெர்னானும் மார்செலும் கடைக்கணக்கு பார்க்கப் பழகினார்கள். லூயிக்குப் படிப்பும் ஏறவில்லை, வியாபாரமும் பிடிக்கவில்லை. பேச்சும் குறைவு. மெஷினைக் கண்டால் மட்டும் நகர மாட்டார். நீராவி வண்டிகள் செய்துகொண்டிருந்த லியோன் செர்போலேவின் பட்டறைக்குச் சின்ன வயதிலேயே போய் வேடிக்கை பார்ப்பது வழக்கம்.

பாரிஸுக்கு வெளியே பியாங்கூர் என்ற இடத்தில் குடும்பத்துக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. தோட்டத்து மூலையில் கருவிகள் போட்டு வைக்கும் கொட்டகை. லூயி அதைத் தன் பட்டறையாக்கிக்கொண்டார். ராணுவச் சேவை முடிந்து 1898-ல் ஊர் திரும்பியதும் முழு நேரமும் அங்கேதான். தி தியோன்-பூத்தோன் கம்பெனியின் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பிரித்துப் போட்டு, நான்கு சக்கர வண்டியாக மாற்ற ஆரம்பித்தார். இன்ஜின் வேறு யாரோ செய்தது. அதன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழிதான் அவர் செய்தது.

அப்படி என்ன செய்தார்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் வரப்போகும் பணம், புகழ், தொழிற்சாலை எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பெட்ரோல் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் உருப்படியாக இழுக்கும். மேட்டில் ஏற மெதுவான, அழுத்தமான சுழற்சி வேண்டும். சமதளத்தில் வேகம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பண்ணி வைப்பதுதான் கியர் பாக்ஸின் வேலை. இது ரெனோவின் கண்டுபிடிப்பு அல்ல. சில ஆண்டுகள் முன்னதாகவே எமில் லெவாசோர், பல்சக்கரங்களை நகர்த்தி மாட்டும் கியர் பாக்ஸை பிரான்ஸில் ஓடவிட்டிருந்தார்.

ஆனால் அதில் ஒரு தொல்லை. எந்த கியரில் ஓட்டினாலும் சக்தி ஒரு பல்சக்கர ஜோடியைத் தாண்டித்தான் போகணும். பல்லில் பல் உரசும் இடத்திலெல்லாம் கொஞ்சம் சக்தி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். இன்று இந்த இழப்பு சில சதவீதம்தான். அன்றைய பல்சக்கரங்களின் தரத்துக்கு அது பெரிய நஷ்டம். கியர் பாக்ஸுக்குப் பிறகும் நிம்மதி இல்லை. பின்சக்கரத்துக்குச் சக்தி போனது பெரும்பாலும் சங்கிலி வழியாக. சைக்கிள் செயின் மாதிரியே, ஆனால் கனமாக. மண் ஏறும், இரையும், அறுந்தும் போகும்.

ரெனோ இரண்டு வேலை செய்தார். முதலாவது, இன்ஜின் பக்கத்து ஷாஃப்டையும் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டையும் மூக்கும் மூக்கும் தொடுகிற மாதிரி ஒரே நேர்கோட்டில் வைத்தார். பக்கவாட்டில் துணைக்கு இன்னொரு ஷாஃப்ட். நம்மூர் மெக்கானிக்குகள் ‘லே ஷாஃப்ட்’ என்று சொல்வது இதைத்தான். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் சக்தி லே ஷாஃப்டுக்கு இறங்கி, மறுபடி மெயின் ஷாஃப்டுக்கு ஏறும். மூன்றாவது கியர் போட்டதும் லே ஷாஃப்ட் ஒதுங்கிக்கொள்ளும். முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் நேராகக் கோத்துக்கொண்டு ஒரே கம்பி போலச் சுற்றும். ஊருக்குள் நுழைந்து சுற்றிப் போகாமல் பைபாஸில் போவது மாதிரி. அதற்குப் பெயர் டைரக்ட் டிரைவ்.

இரண்டாவது, சங்கிலியைத் தூக்கிப் போட்டார். அதற்குப் பதில் ஒரு நீளமான ஷாஃப்ட், மேடு பள்ளத்தில் அது மடங்கிக் கொடுக்க மூட்டுகள், பின் அச்சில் சுழற்சியைத் திருப்பிவிடப் பல்சக்கரம். இன்றும் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் கண்ணில் படுவது இந்த அமைப்புதான்.

ஒரு சின்ன முரண்: ரெனோவின் பெயரைத் தாங்கி ஒரகடத்தில் தயாராகும் க்விட்டில் ரெனோவின் டைரக்ட் டிரைவ் கிடையாது. அது முன்சக்கர டிரைவ் கார். இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். அந்த அமைப்பில் எந்த கியர் போட்டாலும் பல்லில் பல் பட்டே ஆகணும். அவருடைய யோசனையைப் பார்க்க வேண்டுமானால் பழைய அம்பாசடரின் டாப் கியரைத்தான் பிரித்துப் பார்க்கணும். அல்லது இன்னொரு எல்லைக்குப் போகலாம். அமெரிக்க டிராக் ரேஸில் ஓடும் ‘டாப் ஃப்யூயல்’ கார்கள் 1,000 அடியை நான்கு விநாடிக்குள் கடந்துவிடும். அவற்றில் கியர் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. அந்தச் சக்திக்கு நடுவில் எத்தனை பல்லை வைத்தாலும் உடைவதற்கான இடம் கூடும் என்பதால், கிளட்ச் வழியாக நேர் இணைப்புதான். இதை ரெனோ செய்யவில்லை. ஆனால் அவர் கொட்டகையில் போட்ட கணக்கின் கடைசிப் படி இது.

கிறிஸ்துமஸ் இரவு

1898 டிசம்பர் 24. பாரிஸில் நண்பர்கள் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். லூயி தன் புது வண்டியில் வந்து இறங்கினார். இன்ஜினின் சக்தி இரண்டு குதிரைத் திறன்கூட இல்லை. இது எங்கே மேடு ஏறப்போகிறது என்று நண்பர்களுக்குச் சந்தேகம். ஏறிக் காட்டுகிறேன் என்று மொன்மார்த்ர் குன்றுக்குப் போகும் லெபிக் தெருவுக்கு வண்டியை விட்டார் லூயி. சரிவு சுமார் 13 சதவீதம். ஏறிவிட்டது. அந்த இரவே 12 பேர் அட்வான்ஸ் கொடுத்து ஆர்டர் போட்டதாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது.

1899 பிப்ரவரியில் டைரக்ட் டிரைவுக்கு விண்ணப்பித்தார். அதே மாதம் ‘ரெனோ சகோதரர்கள்’ கம்பெனி தொடங்கியது. கம்பெனி ஆரம்பித்தது அண்ணன்கள் ஃபெர்னானும் மார்செலும். லூயி முதலில் பங்குதாரர்கூட இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்தார். மூளை அவருடையது, முதல் அண்ணன்களுடையது.

மற்ற கார் கம்பெனிகள் டைரக்ட் டிரைவைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தபோது லூயி விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார், ராயல்டி வசூலித்தார். கூச்ச சுபாவம் வேறு, பணக் கணக்கு வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

அண்ணன் போன சாலை

அந்தக் காலத்தில் காருக்கு விளம்பரம் என்றால் ரேஸ்தான். ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குச் சாதாரண சாலையில் ஓடும் ரேஸ். லூயியும் மார்செலும் தாங்களே ஓட்டினார்கள். 1902-ல் பாரிஸ்–வியன்னா போட்டியில் மார்செல் ஜெயித்தார். பனார், மெர்சிடிஸ் வண்டிகள் அவருடையதைவிடக் கனம், சக்தியும் அதிகம். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் லேசான வண்டிதான் தாக்குப்பிடித்தது.

அடுத்த ஆண்டு பாரிஸ்–மட்ரிட். 1903 மே 24, விடிவதற்கு முன்பே வெர்சாயிலிருந்து வண்டிகள் கிளம்பின. தார் போடாத சாலை, முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியில் எதுவும் தெரியாது. சாலையோரத்தில் கூட்டம் கூட்டமாக ஜனம். வழிநெடுக விபத்துகள். ஓட்டியவர்களும் இறந்தார்கள், வேடிக்கை பார்த்தவர்களும் இறந்தார்கள். லூயி போர்தோ நகரத்துக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தார். மார்செல் வரவில்லை. கூவே-வெராக் என்ற ஊருக்கு அருகே அவர் வண்டி புரண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 31.

அரசு போர்தோவிலேயே போட்டியை நிறுத்தியது. வண்டிகளை ஸ்டார்ட் பண்ணக்கூட விடாமல் குதிரை கட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். லூயி அதற்குப் பிறகு ரேஸ் ஓட்டவில்லை. கம்பெனி ரேஸை விடவில்லை. 1906-ல் லெ மான் அருகே நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை ரெனோ காரில் ஜெயித்தவர், ஹங்கேரியிலிருந்து வந்த மெக்கானிக் ஃபெரெங்க் சீஸ்.

1909-ல் மூத்தவர் ஃபெர்னானும் நோயில் இறந்தார். சம்பளத்துக்குச் சேர்ந்த தம்பி இப்போது தனி முதலாளி.

டாக்ஸியும் ஸ்டாப்வாட்சும்

கம்பெனியை நிறுத்தியது பணக்காரர்களின் கார் அல்ல, டாக்ஸி. 1905-ல் பாரிஸ் டாக்ஸி கம்பெனி ஒன்று 250 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இரண்டு சிலிண்டர், சிக்கனமான வண்டி. பாரிஸ் போதாதென்று லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓடியது.

1911-ல் லூயி அமெரிக்கா போய் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்தார். திரும்பி வந்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி என்று அளக்கும் முறையைப் பட்டறையில் புகுத்தினார். தொழிலாளி கையில் ஸ்பேனர், பக்கத்தில் நிற்பவர் கையில் ஸ்டாப்வாட்ச். 1913 தொடக்கத்தில் வேலைநிறுத்தம் வெடித்து ஆறு வாரம் போல நீடித்தது. முதலாளி இறங்கி வரவில்லை. பியாங்கூர் தொழிலாளர்களுக்கும் அவருக்கும் நடுவில் விழுந்த அந்தக் கீறல் கடைசி வரை மூடவேயில்லை.

முதல் உலகப்போர் அவரை நாட்டின் நாயகனாக்கியது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, சுமார் 600 டாக்ஸிகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மார்ன் போர்முனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலானவை ரெனோ டாக்ஸிகள். டிரைவர்கள் மீட்டரைப் போட்டே ஓட்டினார்கள். மீட்டர் காட்டியதில் 27 சதவீதம் அவர்களுக்குக் கிடைத்தது. போரின் போக்கை மாற்றிய அளவுக்கு அந்தப் பயணம் பெரிதல்ல என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது. மக்கள் மனதில் நின்றது என்னவோ டாக்ஸிதான். ராணுவத்துக்கு உண்மையிலேயே பெரிதாக உதவியது 1917-ல் வந்த ரெனோ எஃப்.டி. டாங்கி. முழுவதும் சுழலும் கோபுரம் மேலே, இன்ஜின் பின்னால், டிரைவர் முன்னால். இன்றைய டாங்கிகளும் ஏறக்குறைய அதே வரிசைதான். 3,000-க்கும் மேல் தயாரானது.

போருக்குப் பின் ஒரு போட்டியாளர் முளைத்தார்: ஆந்த்ரே சித்ரோயென். இவரும் பல்சக்கரத்தில் தொடங்கியவர்தான். சித்ரோயென் காரின் சின்னத்தில் தலைகீழ் ‘வி’ இரண்டு இருக்கிறதே, அது அவர் முதலில் செய்து விற்ற பல்சக்கரங்களின் பல் வடிவம். சித்ரோயென் கடன் வாங்கி விளம்பரம் செய்வார், ஐஃபில் கோபுரத்தில் தன் பெயரையே விளக்காக எரியவிட்டார். ரெனோ கடன் என்றாலே ஒதுங்குவார். 1934-ல் சித்ரோயென் கொண்டுவந்த முன்சக்கர டிரைவ் காருக்கு முதலில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்தான் திட்டம். அது சரிவராமல் கடைசி நேரத்தில் மேனுவலுக்கு மாற வேண்டியதாயிற்று. கார் பின்னாளில் பெரும் வெற்றி. அதற்குள் கம்பெனி திவாலாகி, 1935-ல் சித்ரோயென் இறந்தே போனார். ரெனோவோ சென் நதியின் நடுவில் செகன் தீவு முழுவதையும் தொழிற்சாலையாக்கியிருந்தார்.

1938 நவம்பரில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம். போலீஸ் புகுந்து தொழிற்சாலையைக் காலி செய்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தொழிலாளர் குடியிருப்புகளில் ரெனோ என்ற பெயருக்கு அப்போது என்ன மரியாதை இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதுவும் நினைவில் இருக்கணும்.

ஓட்டினாரா, ஓட்ட வைக்கப்பட்டாரா?

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது லூயி அமெரிக்காவில் இருந்தார். பிரான்ஸுக்கு டாங்கி வாங்கும் அரசுப் பணிக்காகப் போனவர். அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். பியாங்கூரில் ஜெர்மானிய அதிகாரிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் ரெனோ தொழிற்சாலையிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஜெர்மானியர்களுக்குப் போயின. பெரும்பாலும் லாரிகள். இதில் சர்ச்சை இல்லை. சர்ச்சை, அவருக்கு வேறு வழி இருந்ததா என்பதில்தான். மறுத்திருந்தால் ஜெர்மானியர்கள் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு, மெஷின்களையும் தொழிலாளர்களையும் ஜெர்மனிக்கு அனுப்பியிருப்பார்கள் என்பது ஆதரவாளர்கள் வாதம். தொழிற்சாலை ஓடணும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் முக்கியமாக இல்லை, அதற்காக எதற்கும் தலையாட்டினார் என்பது எதிர்த்தரப்பு. கைப்பற்றிய டாங்கிகளைப் பழுது பார்க்கும்படி ஜெர்மானியர்கள் கேட்டபோது அவர் எந்த அளவுக்கு ஒத்துக்கொண்டார் என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இப்போதும் மோதிக்கொள்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தது அவருக்கு வினையாகிப் போனது. பெஷோ தொழிற்சாலையில் 1943-ல் எதிர்ப்பு இயக்கத்தினர் உள்ளிருந்தே நாசவேலை செய்ய நிர்வாகத்தின் ஒத்துழைப்பு இருந்தது. ரெனோவில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் உண்டு. ஜெர்மானியர்கள் புதிய கார் வேலைக்குத் தடை போட்டிருந்தபோது, பொறியாளர்கள் ரகசியமாக ஒரு சின்ன காரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 4சிவி என்ற அந்த கார் 1946-ல் வெளியானது. அதன் பேர் போன காலத்தைப் பார்க்க லூயி உயிரோடு இல்லை.

1942 மார்ச் 3 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பியாங்கூர் மேல் குண்டு போட்டன. குறி தொழிற்சாலை. இறந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் குடியிருந்த நூற்றுக்கணக்கான சாதாரண மக்கள். லூயி தொழிற்சாலையை மீண்டும் கட்டினார். அது ஓடத் தொடங்கியது, மீண்டும் குண்டு விழுந்தது. இதற்குள் அவருக்கு மூளை சம்பந்தமான நோய் முற்றி, பேச்சே தடுமாற ஆரம்பித்திருந்தது.

ஒரு மாதம்

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையானது. கைது செய்யணும் என்று பத்திரிகைகள், முக்கியமாக இடதுசாரிப் பத்திரிகைகள், எழுதின. செப்டம்பர் 23-ம் தேதி, தானாக நீதிபதி முன் ஆஜரான லூயி கைதானார். ஃப்ரென் சிறை. வயது 67, சரியாகப் பேச முடியாத நிலை. உடல் மோசமாகி அக்டோபர் தொடக்கத்தில் மனநல மருத்துவமனைக்கும், பின்னர் பாரிஸில் ஒரு மருத்துவமனைக்கும் மாற்றினார்கள். அக்டோபர் 24-ம் தேதி இறந்தார்.

சிறையில் அவர் அடிக்கப்பட்டார் என்று மனைவி கிறிஸ்தியானும் மகன் ஜான்-லூயியும் நம்பினார்கள். 1956-ல் நோர்மாந்தியில் உள்ள கல்லறையைத் தோண்டி உடலைப் பரிசோதித்தும் கொலை என்று நிரூபணமாகவில்லை.

1945 ஜனவரி 16-ம் தேதி, ஜெனரல் சார்ல் தெ கோல் தலைமையிலான தற்காலிக அரசு ரெனோவை நாட்டுடைமையாக்கியது. சாதாரணமாக நாட்டுடைமை என்றால் இழப்பீடு உண்டு. இங்கே அவருடைய பங்குகள் தண்டனையாகப் பறிமுதல் ஆயின. இறந்தவர் மேல் வழக்கு நடத்த முடியாது. ஆகவே குற்றவாளி என்றும் ஆகவில்லை, நிரபராதி என்றும் ஆகவில்லை.

இதே விவகாரத்தில் கைதான கம்பெனி நிர்வாகி ரெனே தெ பெய்ரகாவ் மீதான வழக்கு 1949-ல் கைவிடப்பட்டது. லியோன் நகரத்தின் லாரி தயாரிப்பாளர் மரியுஸ் பெர்லியேவின் கதை நேர் எதிர். அவர் விசாரிக்கப்பட்டு, உடந்தை என்று தண்டனையும் பெற்றார். ஆனால் அவர் கம்பெனி கடைசியில் குடும்பத்திடமே திரும்பிப் போனது. ரெனோவின் பேரப்பிள்ளைகள் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

2010-ல் அவர்களுக்கு ஒரு சின்ன வெற்றி. நாஜிப் படை 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஒரதூர்-சுர்-கிலான் கிராமத்தின் நினைவு மையத்தில், போருக்கு முந்தைய பெர்லின் கார் கண்காட்சியில் லூயி ஹிட்லரோடு நிற்கும் படம் இருந்தது. அவர் ஜெர்மன் ராணுவத்துக்கு டாங்கி செய்தார் என்ற பொருளில் கீழே ஒரு குறிப்பு. லிமோஜ் நீதிமன்றம் அதை எடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு, நாட்டுடைமையே தவறு என்று பாரிஸில் வழக்குப் போட்டார்கள். இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 2012 ஜனவரியில் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ரெனோ 1996-ல் தனியார்மயமானது. பிரான்ஸ் அரசிடம் இன்னும் சுமார் 15 சதவீதப் பங்கு இருக்கிறது. செகன் தீவில் 1992-ல் கடைசி கார் தயாரானது. கட்டடங்கள் இடிக்கப்பட்டு, இப்போது அங்கே ஓர் இசை அரங்கம். பியாங்கூரில் அந்தத் தோட்டத்துக் கொட்டகையை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.